குழி தோண்டாமல் ஒரு மரத்தளம்

தரையைத் தோண்டாமல் போடும் மரத்தளத்துக்கும் அடித்தளம் உண்டு. அது மண்ணுக்குள் இறங்காமல் மண்ணின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. கான்கிரீட் கட்டைகளை வரிசையாக வைத்து, அவற்றின் மேல் உத்தரம், உத்தரத்தின் மேல் சட்டம், சட்டத்தின் மேல் பலகை என்று அடுக்கிப் போனால் தளம் தயார். வீட்டுச் சுவரோடு அதைப் பிணைப்பதில்லை. அது தன் கனத்தால் நிற்கும். வேண்டாதபோது திருகுகளைக் கழற்றிப் பிரித்து எடுத்துவிடலாம். கடைக்காரர்களும் தச்சர்களும் இதை டெக் என்றே சொல்கிறார்கள். மும்பை காட்கோபரில் இதற்கு இடம் என்று பார்த்தால், கட்டடத்தின் பின்புறம் காம்பவுண்டுச் சுவர் வரை கிடக்கும் மண் துண்டு, தரைத்தள வீட்டையொட்டிய சிறு தோட்டம், மொட்டைமாடி ஆகியவைதான்.

மரத்தளத்துக்குக் குழி தோண்டும் வழக்கம் குளிர்நாடுகளிலிருந்து வந்தது. அங்கே குளிர்காலத்தில் மண்ணுக்குள் இருக்கும் நீர் உறைந்து விரிகிறது. விரியும் மண் மேலே இருப்பதைத் தூக்கிவிடும். வசந்தத்தில் பனி இளகியதும் அதே இடம் அமுங்கும். இந்த ஆட்டத்தில் தளம் கோணாமல் இருக்க, உறைபனி எட்டாத ஆழம் வரை தூணின் அடியை இறக்குகிறார்கள். அமெரிக்காவின் சிகாகோவில் அந்த ஆழம் 42 அங்குலம். அந்த நாட்டுக் குடியிருப்பு விதித்தொகுப்பே இதற்கு ஒரு விலக்கும் தருகிறது. வீட்டோடு ஒட்டாமல் தனியாக நிற்கும் தளமாக இருந்தால் அவ்வளவு ஆழம் போக வேண்டியதில்லை. மும்பையின் சாந்தாகுரூஸில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 7.4 டிகிரி, அது 1962 ஜனவரியில். இந்த ஊர் மண் உறைவதில்லை. ஆகவே குளிர்நாட்டில் விதிவிலக்காக இருக்கும் முறை இங்கே இயல்பாகவே பொருந்துகிறது. இங்கே தளத்தைக் கெடுப்பவை வேறு: நீர், கரையான், எலி, காற்று.

தோண்டாமல் இருப்பதற்குக் காட்கோபரில் தனிக் காரணங்களும் உண்டு. பழைய குடியிருப்புகளில் கட்டடத்தின் பின்பக்க மண்ணுக்கு அடியில் குடிநீர்க் குழாய், சாக்கடைக் குழாய், சமையல் எரிவாயுக் குழாய், மின்கம்பி என்று எல்லாம் போகும். எது எங்கே போகிறது என்ற வரைபடம் பெரும்பாலும் குடியிருப்போர் சங்கமான சொசைட்டியின் அலுவலகத்தில் இருக்காது. கடப்பாரை முதலில் எதைத் தொடும் என்று யாராலும் சொல்ல முடியாது. கட்டடத் தூண்களின் அடிப்பகுதியும் அங்கேதான் புதைந்திருக்கிறது. 2017 ஜூலை 25 அன்று காட்கோபர் மேற்கில் எல்.பி.எஸ். மார்க்கை ஒட்டிய தாமோதர் பார்க் பகுதியில் சித்தி சாய் என்ற நான்கு மாடிக் கட்டடம் இடிந்து 17 பேர் இறந்தார்கள். தரைத்தளத்தில் நடந்த மாற்று வேலையில் தூண்களில் கை வைத்ததே காரணம் என்று குற்றம் சாட்டப்பட்டது. வாசல் தோட்டத்தில் தோண்டும் சிறு குழியும் அதுவும் ஒன்றல்ல. ஆனாலும் பழைய கட்டடத்தின் காலடியில் தன்னிஷ்டத்துக்கு வேலை செய்யக் கூடாது என்பதை அந்த விபத்துக்குப் பிறகு இந்தப் பகுதியில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மரங்களும் இருக்கின்றன. மகாராஷ்டிரத்தின் 1975-ஆம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அனுமதி இல்லாமல் மரத்தை வெட்டுவது குற்றம். வேரை அறுத்தாலும் மரம் மெல்லச் சாகும். கட்டைகளை மண்மேல் வைக்கும் முறையில், வேர் வரும் இடத்தில் கட்டையை ஓரடி தள்ளி வைத்தால் போதும்.

தோண்டாமல் மேடை போடும் கலை மும்பைக்குப் புதிதும் அல்ல. 1893-இல் கிர்காவ் கேசவ்ஜி நாயக் சால் என்ற குடியிருப்பில் தொடங்கிய பொது விநாயகர் விழா இன்று நகரம் முழுக்கத் தெருவுக்கு ஒரு பந்தலாகப் பெருகியிருக்கிறது. பந்தலுக்காகச் சாலையில் தோண்டும் ஒவ்வொரு குழிக்கும் மாநகராட்சி 2,000 ரூபாய் அபராதம் விதிக்கிறது. 2025-இல் அதை 15,000 ஆக உயர்த்திய அறிவிப்பு வந்து, விழாக் குழுக்கள் எதிர்த்ததும் பழைய தொகைக்கே திரும்பியது. குழி இல்லாமல் நிற்க வைக்கும் வழிகள் பந்தல்காரர்களுக்குத் தெரியும். இரும்புத் தகடு வைத்த கால்கள், மணல் நிரப்பிய பீப்பாய்கள், நான்கு பக்கமும் குறுக்குக் கட்டு, இவற்றால் மேடை நிற்கும். தமிழர் திருமணங்களில் பந்தக்கால் மண்ணில் நட வேண்டியது. கான்கிரீட் தரை போட்ட நகரத்து மண்டபங்களில் அது மணல் வாளியில் நிற்பதும் உண்டு. தமிழ்நாட்டுப் பழைய வீடுகளின் முற்றத்து மரத்தூண்களும் மண்ணில் புதைந்தவை அல்ல. செட்டிநாட்டில் அவை கல் பீடத்தின் மேல் நிற்கின்றன. மரத்துக்கும் மண்ணுக்கும் நடுவே கல் இருப்பதால் ஈரமும் கரையானும் மேலே ஏறுவது கடினமாகிறது. மரத்தளத்துக்குக் கீழே வைக்கும் கான்கிரீட் கட்டை செய்வதும் அதே வேலையைத்தான்.

மண்ணைப் பார்ப்பது முதல் வேலை. ரயில் பாதை காட்கோபரைக் கிழக்கு, மேற்கு என்று இரண்டாகப் பிரிக்கிறது; மண்ணும் அநேகமாக அப்படியே மாறுகிறது. கிழக்கே, ஈஸ்டர்ன் எக்ஸ்பிரஸ் நெடுஞ்சாலையைத் தாண்டினால் தானே கழிமுகமும் சதுப்பு நிலமும் வந்துவிடும். அந்தப் பக்கம் பல இடங்களில் களிமண், அதன் மேல் கட்டட இடிபாடு கொட்டி மேடாக்கிய நிலம். அது காலப்போக்கில் சீரில்லாமல் அமுங்கும். மேற்கே அசல்பா பக்கம் போனால் கருங்கல் பாறைக் குன்று. பாறை மேல் மெல்லிய மண் மட்டும் இருக்கும். பாறையில் தோண்டுவதே சிரமம் என்பதால் மேற்பரப்பு முறை அங்கே இன்னும் வசதி. ஆனால் சரிவின் விளிம்பில் தளம் போடவே கூடாது. சரிவின் அடிவாரத்தை வெட்டிச் சமன் செய்வதும் ஆபத்து. 2000 ஜூலை 12 அன்று காட்கோபர் ஆசாத் நகரில் மழையில் குன்று சரிந்து 70-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். குன்றின் மண்ணைத் தொடும் எந்த வேலைக்கும் பொறியாளர் ஒருவர் வந்து பார்த்தாக வேண்டும்.

10 அடிக்கு 12 அடி என்ற சாதாரணத் தளத்தை எடுத்துக் கணக்குப் பார்க்கலாம். 12 அடி நீளத்துக்கு மூன்று உத்தரங்கள். ஒவ்வொன்றுக்கும் அடியில் 4 அடிக்கு ஒரு கட்டை. ஆக மொத்தம் 12 கட்டைகள். இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875 குடியிருப்புகளின் பால்கனிக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 300 கிலோ சுமையைக் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. ஆட்கள் நெருக்கமாகக் கூடி நிற்கும் நிலைக்கான எண் அது. தளத்தின் சொந்த எடை சதுர மீட்டருக்கு 40 கிலோ என்று வைத்தால் மொத்தம் 340. நடுவிலிருக்கும் கட்டைதான் அதிகம் சுமக்கிறது. அதன் பங்கு 4 அடிக்கு 5 அடி, அதாவது ஏறக்குறைய 1.86 சதுர மீட்டர்; எடை சுமார் 630 கிலோ. கட்டை ஓரடிச் சதுரமாக இருந்தால் அதன் அடியில் மண்ணின் மேல் அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 7 டன். இறுகிய முரம் (சரளை) மண் இதைப் பொருட்படுத்தாது. மிக மென்மையான களிமண்ணோ 5 டன் அளவுக்குத்தான் பாதுகாப்பாகத் தாங்கும். அங்கே ஒன்றரை அடிச் சதுரக் கட்டை வைத்தால் அழுத்தம் 3 டன்னாக இறங்கிவிடுகிறது. கட்டையின் அகலத்தை அரையடி கூட்டியதால் அழுத்தம் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. குழி தோண்டி ஆழத்தில் தேடும் உறுதியை மேற்பரப்பில் அகலத்தால் வாங்க முடியும் என்பதே இந்த முறையின் சாரம்.

வேலை நவம்பருக்கும் மே மாதத்துக்கும் இடையில் நடப்பது நல்லது. முதலில் புல்லையும் வேரையும் இலைமக்கையும் இரண்டு அங்குலம் சுரண்டி எடுக்க வேண்டும். மக்கும் பொருள் மேல் வைத்த கட்டை, அது மக்கிய அளவுக்குக் கீழே இறங்கும். சுரண்டிய தரையைத் தண்ணீர் தெளித்துத் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கி, வீட்டிலிருந்து விலகிப் போகும்படி லேசான வாட்டம் கொடுக்க வேண்டும். அதன் மேல் களை முளைக்காமலிருக்க நீர் புகும் துணி விரிப்பு. விரிப்பின் மேல் இரண்டு மூன்று அங்குலம் ஜல்லி. பிளாஸ்டிக் தாளை விரிப்பவர்கள் உண்டு. அது மழைநீரைத் தேக்கிக் கொசுவுக்குத் தொட்டியாகிவிடும்.

நான்கு மூலைக்கும் முளை அடித்து நூல் கட்டியபின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளக்க வேண்டும். இரண்டும் சமமாக இருந்தால் மூலைகள் செங்கோணம். 10-க்கு 12 அடித் தளத்தில் அவை ஏறக்குறைய 15 அடி 7½ அங்குலம் வரும். கட்டைகளின் மட்டத்தைப் பார்க்கக் கொத்தனார்களின் தண்ணீர்க் குழாயே போதும். ஒளிபுகும் குழாயில் குமிழி இல்லாமல் நீர் நிரப்பினால் இரண்டு முனையிலும் நீர் ஒரே உயரத்தில் நிற்கும். தாழ்ந்த கட்டைக்கு அடியில் ஜல்லியைச் சேர்த்து இடிக்கலாம். உத்தரத்துக்கும் கட்டைக்கும் நடுவே மரச்சில்லு சொருகி மட்டம் பார்ப்பது பரவலான பழக்கம். முதல் மழையிலேயே அந்தச் சில்லு ஊறி நசுங்கும். அந்த இடத்தில் கடப்பாக் கல் துண்டு வைத்தால் வருடக்கணக்கில் நிற்கும்.

கட்டைக்குப் பதிலாக உயரத்தைத் திருகிக் கூட்டிக் குறைக்கும் பிளாஸ்டிக் கால்களும் கடைகளில் கிடைக்கின்றன. கான்கிரீட் அல்லது பேவர் பிளாக் போட்ட தரையில் அவை மிகவும் வசதி. வெறும் மண்ணில் ஆகாது. மண்ணுக்குள் முறுக்கி இறக்கும் இரும்புத் திருகுத் தூண் ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் பரவி வருகிறது. 19-ஆம் நூற்றாண்டில் பம்பாய்–பரோடா ரயில் பாதையின் பாலங்களே திருகுத் தூண்கள் மேல் நின்றன. ஆனால் இடிபாடு கொட்டிய நிலத்திலும் பாறையிலும் அது இறங்காது என்பதால் காட்கோபரின் பெரும்பகுதிக்குப் பயனில்லை.

உத்தரத்துக்கு 4-க்கு 3 அங்குலமும் சட்டத்துக்கு 3-க்கு 2 அங்குலமும் உள்ள சால் மரம் இந்த அளவுத் தளத்துக்குப் போதும். சட்டங்களை 16 அங்குல இடைவெளியில் வைத்தால் 10 சட்டங்கள் வரும்; மேலே ஓரங்குலப் பலகை. தேக்கு சிறந்தது, விலையும் அதிகம். பழைய அடுக்குக் குடியிருப்புகளை இடிக்கும்போது கிடைக்கும் பர்மாத் தேக்கு உத்தரங்கள் மும்பையில் விற்பனைக்கு வருகின்றன. பல பத்தாண்டுகள் காய்ந்து முறுகிய அந்த மரம் இனி வளைவதில்லை; ஆணிகளைப் பிடுங்கி இழைத்துவிட்டால் புதுத் தேக்கையே மிஞ்சும். மலிவாகக் கிடைக்கும் பெட்டி மரமும் பேலட் பைனும் வெளித்தளத்துக்கு உதவாது. மருந்து ஏற்றாத பைன் மரம் இந்த மழைக்கு இரண்டு மூன்று பருவம் தாங்கினாலே அதிகம். மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகைகள் அழுகுவதில்லை, கரையானுக்கும் தப்பும். வெயிலில் அவை கால் வைக்க முடியாத அளவு சுடும். மரத்தைவிட நெகிழ்வதால் சட்டங்களை 12 அங்குலத்துக்கு ஒன்று என்று நெருக்கி வைக்க வேண்டும்.

பலகைகளுக்கு நடுவே கால் அங்குல இடைவெளி விட வேண்டும். கோடையில் சுருங்கிக் கிடக்கும் மரம் ஜூலையில் ஊறிப் பருக்கும். இடைவெளி இல்லாவிட்டால் பலகைகள் ஒன்றையொன்று நெட்டி மேலே வளைந்துவிடும். திருகுகள் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். உப்புக்காற்றடிக்கும் இந்த ஊரில் சாதாரணத் திருகு துருவேறித் தலை உடைந்துவிட்டால், பிரித்து எடுக்கலாம் என்ற இந்த முறையின் பெரிய நன்மையே போய்விடும்.

இனி மழை. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியதை மும்பையில் இருந்தவர்கள் மறக்க மாட்டார்கள். தாழ்வான இடத்தில் மரத்தளம் போடுபவர்கள் யோசிக்காமல் விடுவது, மரம் மிதக்கும் என்பதை. மேலே கணக்குப் போட்ட சால் தளத்தில் ஏறக்குறைய அரை கன மீட்டர் மரம் இருக்கிறது. எடை சுமார் 400 கிலோ. முழுக்க மூழ்கினால் நீர் அதை 70 கிலோ விசையோடு மேலே தள்ளும். தேக்காக இருந்தால் 160 கிலோவுக்கு மேல். சும்மா வைத்த தளம் கழன்று வெள்ளத்தோடு போய், அடுத்த வீட்டுக் கதவில் மோதும். ஒன்றரை அடிச் சதுரமும் மூன்று அங்குலக் கனமும் உள்ள கான்கிரீட் கட்டை ஒன்று 38 கிலோ. பன்னிரண்டும் சேர்ந்து 450 கிலோ. நீருக்குள் அந்த எடை குறைந்தாலும் 260 கிலோ மிஞ்சும். ஆகவே கட்டையை வார்க்கும்போதே ஓர் இரும்புப் பட்டையைப் பதித்து, அதை உத்தரத்தோடு போல்ட் போட்டுப் பிணைத்துவிட்டால் தளம் இடத்தை விட்டு நகராது. செலவு மிகக் குறைவு. செய்பவர்களும் மிகக் குறைவு.

தளத்துக்கு அடியில் இருக்கும் இருட்டு எலிக்கு மிகவும் பிடித்த இடம். மழைக்காலத்தில் மும்பையில் பரவும் எலிக்காய்ச்சல் எலியின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து வருவது. தளத்தை நான்கு பக்கமும் பலகையடித்து அழகாக மூடிவிட்டு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் இருப்பதுதான் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு. பக்கங்களில் காற்றோட்டமுள்ள கம்பி வலை அடிக்கலாம். நடுவில் இரண்டு மூன்று இடத்தில் பலகைத் தொகுப்பைக் கையால் தூக்கி எடுக்கும்படி அமைத்தால் கீழே கூட்டவும் குப்பை எடுக்கவும் முடியும். கரையானின் மண்பாதை கட்டைமேல் ஏறுவதும் அப்போதுதான் கண்ணில் படும். சாக்கடை மூடியும் குழாய் வால்வும் தளத்துக்கு அடியில் வந்தால் அவற்றின் மேல் கட்டாயம் இப்படிப்பட்ட திறப்பு வேண்டும்.

காற்றின் விஷயத்தில் காட்கோபர் பட்ட அடி பெரியது. 2024 மே 13 அன்று புழுதிக் காற்றில் சேடா நகர் பெட்ரோல் பங்கின் மேல் 120 அடிக்கு 120 அடி விளம்பரப் பலகை விழுந்து 17 பேர் இறந்தார்கள். மாநகராட்சி அனுமதிக்கும் அதிகபட்ச அளவு 40-க்கு 40. மும்பையில் மணிக்கு 158 கிலோமீட்டர் காற்றைத் தாங்க வேண்டியது 49 கிலோமீட்டருக்கு மட்டுமே தாங்கும் நிலையில் இருந்ததென்று மாட்டுங்கா வி.ஜே.டி.ஐ. பொறியாளர்களின் அறிக்கை சொன்னது. அந்த 158, இந்தியத் தரநிலை மும்பைக்கு வகுத்திருக்கும் நொடிக்கு 44 மீட்டர் வேகம்தான். அந்த வேகத்தில் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 118 கிலோ. தரையோடு தாழ்ந்து கிடக்கும் தளத்தை அது பெரிதாகத் தொடுவதில்லை. அதே தளத்தின் மேல் நான்கு கால் நட்டு முழுப்பரப்புக்கும் தகரக் கூரை போட்டால் கதையே மாறிவிடும். கூரையை மேலே இழுக்கும் விசை தோராயமாக 1,300 கிலோ. தளமும் கட்டைகளும் சேர்ந்தே 850 கிலோதான். சுற்றிலும் கட்டடங்கள் மறைத்தால் விசை குறையலாம், திறந்த ஓரங்களில் கூடவும் செய்யும். தோண்டாமல் போட்ட தளத்தின் மேல் நிலையான கூரை போடக் கூடாது. நிழல் வேண்டுமானால் மடக்கும் குடை போதும்.

மொட்டைமாடியில் மண் இல்லை, மழைநீர் காப்பு இருக்கிறது. மும்பைக் கட்டடங்களில் அது பெரும்பாலும் பிரிக்பேட் கோபா: செங்கல் துண்டுகளைச் சாந்தில் பரப்பி, மேலே உடைத்த ஓடு பதித்த அடுக்கு. அதில் ஒரு துளை போட்டாலும் கீழ்வீட்டுக் கூரை ஒழுகும். ஆகவே அங்கே தளம் உயரம் மாற்றும் கால்கள் மேல்தான் நிற்க வேண்டும். நீர்வடிகாலை மறைக்கக் கூடாது. ஆட்கள் ஏறும் மொட்டைமாடிக்குத் தரநிலை வைத்திருக்கும் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. மரத்தளம் அதில் 40-ஐ எடுத்துக்கொள்ளும். ஓரடி ஆழ ஈரமண் நிரப்பிய தொட்டியோ சதுர மீட்டருக்கு 500 கிலோவைத் தாண்டும். 30 வயது கடந்த கட்டடங்களுக்குக் கட்டமைப்புத் தணிக்கை கட்டாயம். அந்த அறிக்கையைப் பார்க்காமல் மாடியில் எதையும் ஏற்றக் கூடாது.

தோண்டவில்லை என்பதால் அனுமதி வேண்டாம் என்று ஆகாது. கட்டடத்தைச் சுற்றி விட வேண்டிய திறந்தவெளியும் மொட்டைமாடியும் குடியிருப்போர் எல்லாருக்கும் பொதுவான சொத்து. தீயணைப்பு வண்டி வரும் வழியும் அதில் அடக்கம். சொசைட்டியின் எழுத்துபூர்வ சம்மதமும், தேவைப்படும் இடத்தில் வார்டு அலுவலக அனுமதியும் முதலில் வாங்க வேண்டும். பந்த் நகர் போன்ற மாடா (மாநில வீட்டுவசதி வாரியம்) குடியிருப்புகளில் மாடாவின் விதிகளும் சேரும். மறுகட்டுமானம் நடக்கும் கட்டடங்களில் வீட்டைக் காலி செய்ய வேண்டி வரும்போது, கான்கிரீட் போட்டவர் அதை விட்டுவிட்டுத்தான் போவார். திருகு போட்டவர் பலகைகளை எண்ணிட்டுக் கட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டு போகலாம்.

பராமரிப்பு ஆண்டுக்கு இரண்டு நாள் வேலை. மே மாதம் பலகைகளைத் தேய்த்து எண்ணெய் பூசி, திருகுகளை இறுக்கிவிட வேண்டும். அக்டோபரில் மழை விட்டதும் திறப்புப் பலகைகளைத் தூக்கிக் கீழே பார்த்து, தண்ணீர்க் குழாயால் மட்டத்தை மறுபடி சோதிக்க வேண்டும். முதல் மழைக்குப் பிறகு ஓரிரு கட்டைகள் கால் அங்குலம், அரை அங்குலம் இறங்கியிருப்பது சாதாரணம். உத்தரத்தைக் கடப்பாரையால் நெம்பித் தூக்கி, கட்டைக்கு அடியில் ஜல்லியை இடித்து நிரப்பினால் சரியாகிவிடும். ஒரே கட்டை மூன்றாவது ஆண்டும் தொடர்ந்து இறங்கினால் அதற்குக் கீழே எங்கோ குழாய் ஒழுகி மண்ணை அரித்துக்கொண்டிருக்கலாம். அப்போது கூப்பிட வேண்டியவர் பிளம்பர்.